சவேலி நடந்த தடம்

ரயிஸா அத்தை முதலில் அலமாரிக் கண்ணாடியின்மேல் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டாள். பிறகு டிவியை மேசைத்துணியால் மூடினாள். சமையலறைக்குப் போய், கெட்டிலின் பளபளப்பான வயிற்றைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்து, அதையும் ஒரு துண்டில் சுற்றினாள். சாவு வீட்டில் முகம் தெரிகிற எதுவும் திறந்திருக்கக் கூடாது. கடைசியாக ஜன்னலோரம் இருந்த கேமராவின்மேல் தன் தலைத்துணியையே அவிழ்த்துப் போட்டாள்.

"அது கண்ணாடி இல்ல அத்தை," என்றாள் கீரா.

"முன்பக்கம் கண்ணு மாதிரி மின்னுதே, பின்ன அது என்ன, கட்டையா?"

கீரா கட்டிலடியில் உட்கார்ந்து ஆக்ஸிஜன் மெஷினின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷமாக இரவும் பகலும் அந்த அறையில் உறுமிக்கொண்டிருந்த மெஷின். மின்சாரம் போனால் அது நிற்கும். அது நின்றால் அப்பா எழுந்து உட்கார்ந்து, தண்ணீரிலிருந்து வெளியே போட்ட மீனாக வாயைத் திறந்து திறந்து மூடுவார். கீரா கொட்டகைக்கு ஓடி ஜெனரேட்டரின் கயிற்றை இழுப்பாள். அந்த உறுமல் நின்றபிறகுதான் சுவர்க்கடிகாரம் என்று ஒன்று வீட்டில் ஓடிக்கொண்டிருப்பதே காதில் விழுந்தது. அத்தை ஸ்டூல் போட்டு ஏறி அதையும் நிறுத்தினாள்.

கீராவின் அப்பா சவேலி அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிஷத்துக்கு, தன் கட்டிலில், தன் தலையணையில், ஐம்பத்தெட்டு வயதில் செத்துப்போனார். முப்பது வருஷம் சுரங்கத்தில் விழுங்கிய நிலக்கரித் தூசு நுரையீரலில் கல்லாகிவிட்டிருந்தது. எட்டு மணிக்கு மருத்துவ உதவியாளர் சைக்கிளில் வந்தார். தொப்பியைக் கழற்றினார். வெர்போவே கிராமத்தில் நான்கு வருஷமாக எல்லாச் சாவு வீட்டிலும் முதலில் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"தன் சாவா?"

"தன் சாவுதான்," என்றாள் அத்தை. அதைச் சொல்லும்போது அவள் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

குண்டு விழுந்து சாகாமல், தோட்டா பாய்ந்து சாகாமல், உருளைக்கிழங்குத் தோட்டத்தில் எதையோ மிதித்துச் சாகாமல், நோய் வந்து, படுத்து, சாகிற சாவு அது. வேலிக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு வந்தவர்கள் எல்லாரும் அந்தப் பதிலைக் கேட்டதும் சிலுவை இட்டுக்கொண்டு தோளைத் தளர்த்தினார்கள். பக்கத்து வீட்டு ஸோயா, உடம்பைக் கழுவ வெந்நீர்ப் பானையோடு வந்தவள், சவேலியின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். முழு முகம். இரண்டு காதும் இருந்தன. "கொடுத்து வெச்ச மனுஷன்," என்றாள். அவள் புருஷன் பெட்ரோவை மே மாதம் மூடிய பெட்டியில்தான் புதைத்தார்கள்.

கழுவவும் தூக்கவும் ரத்த உறவு கூடாது என்பதால் கீராவுக்கு அறையில் வேலை இல்லை. அவள் முற்றத்துக்குப் போய் நின்றாள். அக்டோபர் வெயில் மெலிசாக இருந்தது. தூக்கம் கண்ணைச் சுற்றியது. அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

*

எங்கே புதைப்பது என்பதில்தான் சிக்கல் வந்தது.

ஊர் இடுகாடு என்பது கடைசி வீட்டைத் தாண்டி இருநூறு மீட்டர். அங்கேதான் கீராவின் அம்மா லிதா இருக்கிறாள். போருக்கு இரண்டு வருஷம் முன்பு சவேலியே நின்று இரட்டைக் கல் செதுக்க வைத்திருந்தார். இடப்பக்கம் லிதாவின் முகம், பிறந்த தேதி, இறந்த தேதி. வலப்பக்கம் அவருடைய முகம், பிறந்த தேதி, ஒரு கோடு, அதற்குப் பிறகு வெறும் கல். இரும்பு வேலிக்குள் ஒரு ஆள் படுக்க இடமும் விட்டிருந்தார். கல்லை வைத்த அன்று, "நம்ம போட்டோ ரொம்ப நல்லா வந்திருக்கு, இனி வயசாகக் கூடாது," என்று சொன்னவர்.

ஆனால் அந்த இருநூறு மீட்டர் வயலில் ஜூன் மாதம் அப்போதிருந்த படைப்பிரிவு மிதிவெடி புதைத்துவிட்டது. மண்டையோடு வரைந்த பலகை நடப்பட்டது. ஜூலையில் அவர்கள் மாறிப்போய் வேறு பிரிவு வந்தது. அதற்குப்பிறகு யாரும் அங்கே போகவில்லை. கிராமச் செயலாளர் போனில் வருத்தம் தெரிவித்துவிட்டு, செங்கல் சூளைக்குப் பின்னால் புதிதாக ஒதுக்கிய இடம் இருப்பதாகச் சொன்னார். பதினான்கு கிலோமீட்டர், நடுவில் இரண்டு சோதனைச் சாவடி.

அத்தை போனை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்தாள்.

"கல்லுல மூஞ்சி இங்க இருக்கும், ஆளு செங்கச் சூளையில இருப்பான். லிதா பக்கத்துல யாரு படுப்பா? ஓணானா?"

கீராவுக்குப் பதில் தெரியும். தெரிந்ததுதான் அவளைக் காலையிலிருந்து முற்றத்தில் நிற்க வைத்திருந்தது.

வெர்போவே பள்ளியில் பிள்ளைகள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கீவிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இன்னா என்ற பெண் வந்து சொல்லிக்கொடுத்தாள். தங்கள் ஊரில் தாங்கள் எப்படி இருக்கிறோம் என்று ஒவ்வொருவரும் ஏழு நிமிஷம் சொல்ல வேண்டும். ஒருத்தன் தன் நாயைப் பற்றி எடுத்தான். ஒருத்தி நிலவறையில் அம்மா ஊறுகாய் போடுவதை எடுத்தாள். கீரா அப்பாவை எடுத்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை நகரத்துக் கலாச்சார மாளிகையில் முதல் காட்சி. இன்னா ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு: எடுத்த ஒவ்வொரு துண்டுக்கும் நோட்டில் எண், தேதி, மணி, இடம், யார் யார் இருக்கிறார்கள் என்று கோடு போட்டு எழுத வேண்டும். மற்ற நால்வரும் கடைசி நாளில் கற்பனையாக நிரப்புவார்கள். கீரா அன்றன்றே எழுதினாள்.

அவள் நோட்டில் நாற்பத்தொன்றாம் துண்டு: ஆகஸ்ட் பத்தொன்பது, காலை ஐந்து இருபது, இடுகாட்டு வழி, அப்பா.

அது அம்மாவின் நினைவு நாள். பலகை இருக்கிறது, வெடி இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்த காலம். அப்பா யாரிடமும் சொல்லாமல் கிளம்பினார், கீராவிடம் மட்டும் சொன்னார். மெஷினைக் கழற்றிவிட்டுத் தனியாகப் போனால் நடுவில் மூச்சு நின்றுவிடும் என்று பயம். அவள் பின்னாலேயே கேமராவோடு போனாள். ஒலிப்பதிவு செய்கிற போதான், அடுத்த தெருப் பையன், அவள் வகுப்புதான், முந்தின நாளே அப்பாவின் சட்டைப்பையில் ரெக்கார்டரும் மைக்கும் மாட்டிப் பழக்கி, இரண்டையும் கீராவிடம் விட்டுப்போயிருந்தான். "என் மூச்ச ரெக்கார்டு பண்ணி என்னடா செய்வ? உளுத்துப்போன துருத்தி மாதிரிதான இருக்கும்," என்று அப்பா அவனைக் கேட்டார்.

ஆறு நிமிஷம் நாற்பது விநாடி. நடுவில் ஒரு வெட்டுகூட இல்லை. அவர் எங்கெல்லாம் கால் வைத்தாரோ அத்தனையும் அதில் இருந்தது.

அதே துண்டில், பேரி மரத்துக்குப் பின்னால், ராணுவத்தின் பதுங்குகுழியும் இருந்தது. மண்மூட்டை, தகரக் கூரை, புகைபோக்கி எல்லாம் தெளிவாக. அதைப் படமெடுக்கக் கூடாது என்று பள்ளிக்கே வந்து சொல்லியிருந்தார்கள்.

மத்தியானம் போதான் வந்தான். அவன் உள்ளே போய் சவேலியின் கால்மாட்டில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வந்தான். அந்தத் துண்டை ராணுவத்திடம் காட்டப்போவதாகக் கீரா சொன்னதும் தலையைச் சொறிந்தான். காட்டினால் கார்டைப் பிடுங்கிக்கொள்வார்கள், கார்டில் படம் மொத்தமும் இருக்கிறது, பிரதி எடுத்து வைத்த கம்ப்யூட்டர் இன்னாவோடு கீவில் இருக்கிறது, அதிலும் நாற்பத்தொன்று இல்லை என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னான். அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்ததை அத்தை அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அவன் அங்க போனானா?" என்று வாசலில் வந்து நின்றாள். "ஆகஸ்டுலயா? அந்த மூச்ச வெச்சுக்கிட்டா?"

கீரா தலையாட்டினாள்.

அத்தை உள்ளே போனாள். கேமராவின்மேல் போட்ட தலைத்துணியை எடுத்து, உதறி, தன் தலையில் கட்டிக்கொண்டு, கேமராவை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து கீராவிடம் கொடுத்தாள்.

*

காவல் முனையில் வெடி எடுக்கிற சார்ஜன்ட் ஒருவன் இருந்தான். முப்பது வயது. கல்யாணத்துக்கு எட்டு நாள் முன்பு ராணுவ அழைப்பு வந்து கிளம்பியவன் என்பதால் அவனை எல்லாரும் 'மாப்பிள்ளை' என்றே கூப்பிட்டார்கள். ரேடியோவிலும் அதுதான் பெயர். மேற்கே மலைப்பக்கத்துக்காரன். வெயிலில் மூக்கு உரிந்துபோயிருந்தது.

கீரா விஷயத்தைச் சொன்னாள். அவன் முதலில் முடியாது என்றான். தங்கள் பிரிவு வந்ததிலிருந்து ஒரு வெடிகூடப் புதைக்கவில்லை, முன்னால் இருந்தவர்கள் விட்டுப்போன வரைபடம் குழந்தை கிறுக்கியது போல இருக்கிறது, அந்த வயல் முழுவதையும் தேட வாரம் ஆகும், லெப்டினன்ட் சம்மதிக்கமாட்டார் என்றான். கீரா கேமராவின் சின்னத் திரையைத் திருப்பி அவனிடம் நீட்டினாள். நோட்டையும் திறந்து நாற்பத்தொன்றின்மேல் விரலை வைத்தாள்.

அவன் நின்றுகொண்டே பார்க்கத் தொடங்கி, பிறகு மண்மூட்டைமேல் உட்கார்ந்து பார்த்தான். பதுங்குகுழி வந்த இடத்தில் நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"தங்கச்சி, இது என்னன்னு தெரியுதா உனக்கு?"

"தெரியுது."

"தெரிஞ்சுமா கொண்டு வந்த?"

"அவரு கால் அதுலதான இருக்கு," என்றாள்.

அவன் முழுவதையும் பார்த்தான். மறுபடி முதலிலிருந்து பார்த்தான். சவேலி வயலில் எங்கும் குறுக்கே போகவில்லை. மழைக்காலத்துச் சேற்றில் குதிரைவண்டி போன பழைய தடம் ஒன்று ஜூனுக்கு முன்பே காய்ந்து கல்லாகிக் கிடந்தது. அவர் கயிற்றின்மேல் நடக்கிறவர்போல அந்தத் தடத்துக்குள்ளேயே நடந்தார். சுரங்கத்தில் இருட்டில் தண்டவாளக் கட்டைமேல் கால்வைத்துப் பழகியவர். வெடி புதைக்கத் தோண்டியிருந்தால் காய்ந்து கல்லான அந்த மண்ணில் தெரிந்துவிடும்.

"மூளைக்காரரு," என்றான் மாப்பிள்ளை. "வயலுன்னா ஒரு வாரம். ஒரே ஒரு வரின்னா ஒரு நாள் பகல் போதும்."

அவன் ரேடியோவில் லெப்டினன்டிடம் பேசப் போனான். கீரா வெளியே காத்திருந்தாள். திரும்பி வரும்போது அவன் முகத்தில் பாதிச் சிரிப்பு இருந்தது. அனுமதி உண்டு. புதன்கிழமை தேடலாம், வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் புதைத்துவிட வேண்டும், மூன்று மணிக்கு எதிர்ப்பக்கத்துக்காரர்கள் வழக்கம்போலக் குண்டு போட ஆரம்பித்துவிடுவார்கள். கார்டைப் பிடுங்கவில்லை. ஆனால் வேலை முடிந்ததும் நாற்பத்தொன்றாம் துண்டை அவன் கண் முன்னால் அவளே அழிக்க வேண்டும். மற்றது அவளுடையது.

"அதுதான் என் படத்துல நல்ல துண்டு," என்றாள் கீரா. வாயிலிருந்து வந்தபிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"அது பாத்தவுடனே தெரியுது," என்றான் அவன்.

*

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை கீராவுக்கு ஒரு தலைக்கவசம் கொடுத்து, தேடி முடித்த இடத்திலேயே, தனக்கு இருபத்தைந்து மீட்டர் பின்னால் மட்டும் நிற்கச் சொன்னான். அவன் முதலில், உலோகம் இருந்தால் கத்துகிற கருவியைத் தரைமேல் அசைத்துப் பார்ப்பான். பிறகு வயிற்றின்மேல் படுத்து, நீளமான ஊசியைச் சாய்வாக மண்ணில் குத்திக் குத்தி முன்னேறுவான். கீரா திரையைப் பார்த்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும். "உடைஞ்ச வேலிக்கம்பம் வருது. அதுக்கு இடது பக்கமா போறாரு. ரெண்டு அடி." நிறுத்துவாள். அவன் குத்துவான். கையைத் தூக்கினால் மறுபடி ஓட்டுவாள்.

இப்படியாக அப்பா முன்னால் போக, நடுவில் மாப்பிள்ளை ஊர்ந்து போக, கடைசியில் கீரா நடந்தாள். நாலு அடிக்கு ஒருமுறை அப்பா அந்தரத்தில் காலைத் தூக்கியபடி அப்படியே நின்று காத்திருந்தார். ஒரு தடவை, வெயில் பட்டுத் திரை தெரியாதபோது, அவள் குடைபோலக் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். சட்டைக் காலருக்கும் தொப்பிக்கும் நடுவில் அவருடைய பிடரி. கரித்தூசு ஏறி நீலப்புள்ளி விழுந்த பிடரி. வீட்டில் அந்தப் பிடரியை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள்.

பேரி மரத்தடியில் அவர் நிற்பார். அது அவளுக்கு மனப்பாடம். மரத்தில் கைவைத்து, குனிந்து, விசில் அடிக்கிற மாதிரி மூச்சை இழுத்து விட்டு, ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்பார். பிறகு கேமராவைத் திரும்பிப் பார்ப்பார்.

"கால பாத்து வா. நான் வெச்ச எடத்துல வை."

சின்ன ஒலிபெருக்கியில் சத்தம் தகரம்போல வந்தது. படுத்திருந்தவன் தலையைத் திருப்பினான். "என்ன சொல்றாரு?" என்று கேட்டான். கீரா திரும்பச் சொன்னாள். அவன் ஊசியைத் துடைத்துக்கொண்டு, "எங்க வேலைக்கு வர்றவன்கிட்ட மொதல் நாள் இதத்தான் சொல்லுவோம்," என்றான்.

மரத்தைத் தாண்டிப் பத்தாவது அடியில் கருவி கத்தியது. மாப்பிள்ளை அவளைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு அரை மணி நேரம் அசையாமல் வேலை செய்தான். அவள் தூரத்தில் நின்று அவன் பூட்ஸின் அடிப்பாகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பச்சைத் தட்டுபோல ஒரு மிதிவெடி, கோப்பை வைக்கிற தட்டு அளவுதான், வெளியே வந்தது. தடத்தின் ஓரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, சவேலியின் வலது கால் போன பக்கம்.

அவன் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டான். சிகரெட் பற்றவைத்தான். தடத்தைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான்.

"உங்கப்பா நல்லா நடந்திருக்காரு," என்றான்.

மூன்று மணிக்குக் கால்மணி முன்பு அவர்கள் இரும்பு வேலியைத் தொட்டார்கள். இரட்டைக் கல்லில் அம்மாவும் அப்பாவும் அடர்ந்த களைக்கு நடுவில் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழி தோண்டுகிறவர்கள் காலையில் முதல் ஆளாகத் தடத்தில் வரலாம் என்று மாப்பிள்ளை கணக்குச் சொன்னான். வழியைக் காட்ட நாடா எதுவும் கட்டப்போவதில்லை, கட்டினால் எதிர்ப்பக்கம் தெரியும் என்றான். தடத்தைவிட்டு இறங்காமல், அவன் பின்னால், வரிசையாக வர வேண்டும். அவ்வளவுதான்.

*

வியாழக்கிழமை பத்து மணிக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். வெளியே போனதும் பெட்டி இருந்த ஸ்டூல்களை ஸோயா வழக்கப்படி கவிழ்த்தாள். தடம் இரண்டு ஆள் அகலம்தான் என்பதால் முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், ஒட்டிக்கொண்டு போனார்கள். ஒரு காலத்தில் நூறு கிலோ இருந்த மனுஷன் இப்போது கனக்கவில்லை. வயல் தொடங்கிய இடத்தில் மாப்பிள்ளை திரும்பிப் பார்த்து இன்னொருமுறை எச்சரித்தான். இருபத்திரண்டு பேர், பாதிக்குமேல் பெண்கள், பள்ளிப்பிள்ளைகள்போல ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். யாரும் இருமக்கூட இல்லை. சிலர் நாலு மாதத்துக்குப்பிறகு அந்தப் பக்கம் வருகிறார்கள்.

வரிசையின் கடைசி ஆள் ரயிஸா அத்தை. அவள் கையில் ஒரு கூடை. கூடை நிறைய பைன் கிளைகள். சவம் போன வழியில் பின்னாலேயே கிளைகளைப் போட்டுக்கொண்டு போவது வழக்கம். அத்தை ஒரு வழக்கத்தையும் விடுகிறவள் இல்லை. வீட்டிலிருந்து இடுகாடு வரைக்கும் இரண்டு அடிக்கு ஒன்று என்று ஒழுங்காகப் போட்டுக்கொண்டு வந்தாள்.

புதைத்தது சுருக்கமாக நடந்தது. பாதிரியார் வர முடியவில்லை. அத்தை தன் பாட்டு நோட்டிலிருந்து மூன்று பக்கம் படித்தாள், ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தி, இருமி, விட்ட வரியிலிருந்தே தொடர்ந்தாள். எல்லாரும் ஒரு பிடி மண் போட்டார்கள். கீரா போட்ட பிடியில் ஒரு கல் இருந்து பலகையில் 'டக்' என்றது. போதான் வந்து பக்கத்தில் நின்றான். அதோடு முடிந்தது. அழுகை வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். தோள் மட்டும் லேசாக இருந்தது, யாரோ பின்னாலிருந்து பையைக் கழற்றிக்கொண்டது போல.

திரும்பும்போதுதான் யாருமே யோசிக்காத விஷயம் வந்தது.

சவத்துக்குப் போட்ட கிளையை மிதிக்கக் கூடாது. மிதித்தவர்தான் அடுத்த சாவு. ஊரில் எல்லாருக்கும் பால்குடியிலிருந்து தெரிந்த விஷயம். அதனால் மற்ற நாளில் தெருவில் என்றால் எல்லாரும் ஓரமாக ஒதுங்கி நடப்பார்கள். இங்கேயும், திரும்புகிற வரிசையில் மாப்பிள்ளைக்கு அடுத்த ஆளாக இருந்த ஸோயா, முதல் கிளையைப் பார்த்ததும், ஒன்றும் நினைக்காமல், பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, ஓரத்துப் புல்லில் காலை வைக்கப் போனாள்.

"அம்மா, நில்லுங்க." மாப்பிள்ளை கத்தவில்லை. கத்தாததுதான் எல்லாரையும் நிறுத்தியது.

ஸோயாவின் வலது கால் புல்லுக்கு ஒரு சாண் மேலே நின்றது. அவள் கனத்த உடம்பு ஆடியது. பின்னாலிருந்த போதான் அவள் இடுப்புப் பட்டியைப் பிடித்துக்கொண்டான்.

"கால அப்படியே பின்னால கொண்டு வாங்க. கிளை மேலேயே வைங்க."

"கிளை மேலயா? மிதிச்சா அடுத்த சாவு நான்தான்யா," என்றாள் ஸோயா, ஒற்றைக் காலில் நின்றபடி.

"மிதிக்கலைன்னாலும் நீங்கதாம்மா."

அவள் யோசித்தது போல இருந்தது. உண்மையாகவே யோசித்தாள். காலை மெல்லப் பின்னால் இழுத்தாள், ஆனால் கிளையின்மேல் வைக்கவில்லை. வந்த இடத்திலேயே, போதானின் பூட்ஸ்மேல் வைத்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். வரிசை முழுவதும் நின்றுவிட்டது. இருபத்திரண்டு பேருக்கு முன்னால் வீடுவரைக்கும் இரண்டு அடிக்கு ஒரு கிளை பச்சையாகக் கிடந்தது. ஒருவரும் மிதிக்கமாட்டார்கள், ஒருவரும் இறங்கக் கூடாது. மாப்பிள்ளை தொப்பியைத் தூக்கி நெற்றியைத் துடைத்தான். அவன் ஊரில் இந்த வழக்கம் கிடையாதாம்.

எடுப்பதும் கூடாதுதான். ஆனால் மிதிப்பதைப் பற்றிச் சொன்ன அளவுக்கு எடுப்பதைப் பற்றி யாரும் அழுத்திச் சொன்னதில்லை. கீரா வரிசையைத் தாண்டி முன்னால் வந்தாள். குனிந்து முதல் கிளையை எடுத்தாள். பின்னால் யாரோ பெருமூச்சு விட்டது கேட்டது.

"எங்க வைக்க?" என்று கேட்டாள்.

மாப்பிள்ளை தடத்தின் இடது விளிம்பைக் காட்டினான். அவள் அங்கே வைத்தாள். இரண்டாவது கிளைக்கு வலது விளிம்பைக் காட்டினான். மூன்றாவது இடது.

வரிசையின் கடைசியிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "வழி விடுங்கடி." அவள் ஒவ்வொருவர் தோளாகப் பிடித்துத் தாண்டி வந்தாள். "நான் போட்டது, நானே எடுக்கறேன். எனக்கு அறுபத்தி நாலு. சாவு என்னத் தேடி வரணும்னா அதுக்கு இந்தக் கிளை எதுக்கு, அட்ரஸ் தெரியாதா?" யாரோ பெண் ஒருத்தி சிரித்துவிட்டாள். பிறகு ஸோயா சிரித்தாள். இன்னும் போதானின் பூட்ஸ்மேல்தான் நின்றுகொண்டிருந்தாள்.

கீரா இடது பக்கக் கிளைகளையும் அத்தை வலது பக்கக் கிளைகளையும் எடுத்து எடுத்து வைத்தபடி முன்னால் போனார்கள். மாப்பிள்ளை விளிம்பைச் சரிபார்த்துக்கொண்டே வந்தான். மற்றவர்கள் பின்னால் நடந்தார்கள். முதலில் பேசாமல் வந்தவர்கள், பேரி மரம் தாண்டியதும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கடைசி வீட்டின் வேலி வந்தபோது அத்தை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

வாசலிலேயே கீரா கேமராவைத் திறந்தாள். நாற்பத்தொன்று. அழிக்கவா என்று திரை கேட்டது. மாப்பிள்ளை வேறு பக்கம் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது, அவன் வேலை அது. அவள் அழுத்தினாள். நோட்டில் அந்த வரிமேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு கிழித்தாள்.

"உள்ள வாங்க மாப்பிள்ளை," என்று அத்தை அவனைக் கூப்பிட்டாள். "சாப்பிடாம போனா செத்தவனுக்கு ஆகாது."

*

சாப்பாட்டு மேசையில் கரண்டி மட்டும்தான். சாவுச் சாப்பாட்டில் முள்கரண்டி வைக்கமாட்டார்கள். முதலில் தேனும் திராட்சையும் போட்ட கோதுமைக் கஞ்சி, பிறகு பீட்ரூட் சூப், பிறகு உருளைக்கிழங்கும் கறியும். சவேலியின் இடத்தில் ஒரு சின்ன கிளாஸ், அதன்மேல் ஒரு துண்டு ரொட்டி. மாப்பிள்ளை கறித்துண்டோடு கரண்டியால் போராடினான். பக்கத்திலிருந்த கிழவர்கள் அவனுக்கு அறிவுரை சொன்னார்கள். அவன் கல்யாணம் எப்போது என்று பெண்கள் விசாரித்தார்கள். எல்லாரும் இரண்டுமுறை, மூன்றுமுறை போட்டுக்கொண்டார்கள். இவ்வளவு பசியான சாவு வீட்டை ஊர் நான்கு வருஷமாகப் பார்த்ததில்லை.

போதான் கீராவுக்கு எதிரில் உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டிருந்தான். மேசைக்கு மேலே குனிந்து, குரலைத் தாழ்த்தினான்.

"படத்த அழிக்கணும்னுதான சொன்னாங்க?"

"ஆமா."

"சத்தம் வேற கார்டு. எங்கிட்ட இருக்கு. ஆறு நிமிஷம் நாப்பது செகண்ட். அதப் பத்தி யாரும் கேக்கல."

கீரா கரண்டியை வாயருகே வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். மாப்பிள்ளை இரண்டு நாற்காலி தள்ளி, ரொட்டியைக் கவனமாகக் கிழித்துக்கொண்டிருந்தான். காதில் விழுந்திருக்கலாம், விழாமலும் இருந்திருக்கலாம். கைக்கடிகாரத்தைப் பார்த்து, பொதுவாக, யாரிடம் என்றில்லாமல் சொன்னான்:

"இப்ப மணி ஒண்ணே கால். யாருக்காவது கல்லறைப் பக்கம் வேலை இருந்தா ரெண்டரை வரைக்கும் போய்ட்டு வரலாம். நான் வாசல்ல நிக்கறேன்."

ஸோயா வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். யாரையும் பார்க்காமல் அடுப்படிக்குப் போய், மூலையிலிருந்த வாளியை எடுத்து, அதில் ஒரு துணியும் சின்ன மண்வெட்டியும் போட்டாள். அவளைத் தொடர்ந்து இன்னொருத்தி எழுந்தாள். பிறகு மூன்றாவது ஆள். கதவு திறந்து திறந்து மூடியது.

வீட்டுக்குள் குளிர் காற்று வந்துபோனது. ஜன்னலில் கண்ணாடி உடைந்த இடத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் ஓரத்தில் கொஞ்சம் விலகியிருந்தது. கீரா உட்கார்ந்த இடத்திலிருந்தே அதன் வழியாக வயல் தெரிந்தது. பெண்கள் ஆறேழு பேர், ஒருவர் பின்னால் ஒருவராக, கையில் வாளியோடு, இரண்டு பக்கமும் கிளை வைத்த தடத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். அவசரம் இல்லாமல். யாரோ ஒருத்தி நடுவில் நின்று செருப்பிலிருந்த கல்லைத் தட்டிவிட்டு மறுபடி நடந்தாள்.

கீரா கஞ்சிப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்து, இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டாள்.